வைட்டமின் டி: தினசரி மாத்திரையா, வாரச் சாஷேயா, ஊசியா?

“வைட்டமின் டி பன்னெண்டுதான் இருக்குதாமுங்க. சாஷே வாங்கறதா, தினமும் போடற மாத்திரை வாங்கறதா? ஊசி ஒண்ணு போட்டுட்டா வேலை முடிஞ்சிருமாமே?”

கோவைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் எது சீக்கிரம் ஏறும், எது விலை குறைவு என்ற இரண்டை மட்டும் பார்க்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த இரண்டுக்கு மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அத்தைக்கு நேர்ந்ததுதான் என்னை மாற்றியது.

அத்தைக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் வலி என்று போனவருக்கு 60,000 யூனிட் சாஷே (தூள் பாக்கெட்), வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். மருந்து வாங்கிய இடத்தில் கவர் மேல் ஒன்றும் எழுதித் தரவில்லை. அத்தை சத்துமாவு கலக்குவது போலத் தினமும் காலையில் பாலில் ஒன்று கலந்து குடித்துவிட்டார். எட்டு நாளில் தீர்ந்ததும் மகன் சீட்டில்லாமலே மேலும் வாங்கிக்கொடுத்தான். ஒன்றரை மாதத்தில் நாற்பத்தைந்து சாஷே, அதாவது 27 லட்சம் யூனிட். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்து சிறுநீர். பேச்சும் கொஞ்சம் தடுமாறிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் கால்சியம் பதினான்கைத் தொட்டிருந்தது. பத்தரைக்குள் இருக்க வேண்டியது அது. சிறுநீரகமும் அடி வாங்கியிருந்தது. சலைன் ஏறிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்: “ஏங்கண்ணு, வாரம் ஒண்ணுன்னா எழுதியிருந்துச்சு?”

அதனால் இந்த ஒப்பீட்டில் எது சீக்கிரம் ஏறும் என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வியை வைக்கிறேன். தவறு நடந்தால் அது எவ்வளவு தூரம் போகும்?

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கணக்கு. டப்பாவில் மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் நாற்பதால் பெருக்கினால் யூனிட் கிடைக்கும். 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட், 25 என்றால் 1,000. நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனமான என்.ஐ.என். 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வெயில் அதிகம் படாத பெரியவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாள்தோறும் தாண்டக்கூடாத வரம்பு 4,000. இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் கடையில் எந்தப் பெட்டியையும் அளந்துவிடலாம்.

இரண்டாவது, பிழையின் அளவு. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து தங்கும் சத்து. வைட்டமின் சி கூடினால் சிறுநீரில் போய்விடும், டி போகாது. ஒரு வேளை இரட்டிப்பாகப் போட்டுவிட்டால் 1,000 கூடுகிறதா, 60,000 கூடுகிறதா என்பது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது, மருந்தை யார் கணக்கு வைக்கிறார்கள் என்பது. தனியாக இருக்கும் பாட்டிக்கு “வாரா வாரம்” என்பது எளிதில்லை. வேலைக்கு ஓடும் இளைஞருக்குத் “தினமும்” என்பது எளிதில்லை.

நான்காவது, கூடவே போகும் மற்ற மருந்துகள். இதைப் பலர் சொல்வதே இல்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் உடம்பில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும். அத்தைக்கு அதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இதயத்துக்கு டிகாக்சின் போடுகிறவர்களுக்குக் கால்சியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறலாம். மறுபக்கம், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டி-யைச் சீக்கிரம் கரைத்துவிடும். அவர்களுக்குச் சாதாரண அளவு போதாமலும் போகும்.

விலை கடைசியில்தான். மருந்தின் விலை இங்கே சிறியது. திரும்பத் திரும்ப எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் பணத்தைத் தின்னும்.

## வெயில்

செலவில்லாதது, அளவு மீறாதது. தோலில் உருவாகும் டி ஓர் அளவைத் தாண்டினால் அதே வெயிலே மிச்சத்தைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடும். வெயிலில் நின்று வைட்டமின் டி நஞ்சானவர் கிடையாது. தவறின் அளவைப் பார்க்கும் என் அளவுகோலில் இதற்குத்தான் முதல் இடம்.

ஆனால் நம் வீடுகளில் சொல்லும் “காலை இளவெயில்” இதற்குப் பெரிதாக உதவாது. டி உருவாகத் தேவைப்படும் புற ஊதா பி கதிர், சூரியன் தாழ இருக்கும்போது காற்றுமண்டலத்திலேயே தேய்ந்துபோகிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோல் நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் அது சுமார் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காய்வதில் பயனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

மறைந்திருக்கும் விலை நேரம்தான். தோல் கருக்கக் கருக்க அதிக நேரம் வேண்டும், வயது ஏற ஏறத் தோலின் திறன் குறையும், முழுக்க மூடிய உடை என்றால் இன்னும் கடினம். மார்கழி, தை மாத நடுப்பகலில் மொட்டைமாடியில் நிற்பது சுகம். அக்கினி நட்சத்திரத்தில் எழுபது வயதுக்காரரை அப்படி நிற்கச் சொல்வது ஆபத்து. லூபஸ் உள்ளவர்களும், வெயில் பட்டால் தோல் சிவக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்த வழியை விட்டுவிட வேண்டும்.

லண்டனிலோ ஆஸ்லோவிலோ இருக்கும் உறவினருக்கு இந்தக் கணக்கே வேறு. அங்கே குளிர்கால மாதங்களில் நடுப்பகல் சூரியனும் தாழ்வாகத்தான் இருக்கும். பிரிட்டன் அரசு அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம்வரை எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்கள் வருடம் முழுவதும் எடுக்க யோசிக்கலாம் என்கிறது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

## சாப்பாடு

சுருக்கமாகச் சொல்கிறேன். குறைபாட்டைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது. ஒரு முட்டையின் மஞ்சள்கருவில் ஏறக்குறைய 40 யூனிட். மத்தி போன்ற எண்ணெய் மீன் கொஞ்சம் கைகொடுக்கும். பால் பாக்கெட்டில் கூட்டல் குறியோடு ‘எஃப்’ எழுத்து இருந்தால் அது செறிவூட்டிய பால், லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் இருக்கும். ஒரு டம்ளருக்குக் கணக்குப் போட்டால் ஐம்பதை ஒட்டி வரும். குறையாமல் பிடித்துவைக்க இது நல்ல துணை, அவ்வளவுதான்.

மீன் ஈரல் எண்ணெய் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் டி-யோடு வைட்டமின் ஏ-யும் நிறைய உண்டு. டி-க்காக அளவைக் கூட்டினால் ஏ-யும் கூடும், கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

## தினசரி மாத்திரை, 1,000 அல்லது 2,000 யூனிட்

என் கையில் முடிவு இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் எடுத்துக்கொடுப்பேன். இரண்டு வேளை தவறுதலாகப் போட்டாலும், ஒரு வாரம் மறந்தாலும் ஒன்றும் கெடாது. பிரஷர் மாத்திரை போடும் வேளையிலேயே இதையும் போட்டுவிடலாம். தனியாகக் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை.

இதன் பாதுகாப்புக்குப் பெரிய சான்று உண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ‘வைட்டல்’ ஆய்வில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கொடுத்தார்கள். கால்சியம் ஏறும் தொல்லை கூடவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ஏற்கெனவே ஓரளவு ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் புற்றுநோய் வருவதும், மாரடைப்பும், எலும்பு முறிவும் குறையவில்லை. எல்லா நோய்க்கும் டி குறைவே காரணம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி மாத்திரை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவது என் கடமை. குறைபாடு இருக்கிறவருக்குப் பலன் நிச்சயம் உண்டு, குறைவில்லாதவருக்குக் கூடுதலாகப் போடுவதில் பெரிய லாபமில்லை.

மறைந்திருக்கும் தொல்லை, ஒன்றோடொன்று சேர்ந்துபோவது. கால்சியம் மாத்திரையில் 250 யூனிட், மல்டிவைட்டமினில் 400, புரோட்டீன் பவுடரில் கொஞ்சம் என்று நாலு டப்பாவிலும் டி இருக்கும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பாட்டிலில் ஒரு மாத்திரையிலேயே 5,000, சிலவற்றில் 10,000 யூனிட் இருக்கிறது. “வைட்டமின்தானே” என்று தினமும் அதைப் போட்டால் 4,000 என்ற வரம்பு முதல் மாத்திரையிலேயே தாண்டிவிடும். கனடாவின் கால்கரியில் நடந்த ஆய்வில் மூன்று வருடம் தினமும் 10,000 எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி, 400 எடுத்தவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. எலும்புக்காகச் சாப்பிடும் மருந்துக்கு அது விபரீதமான முடிவு.

வெறும் வயிற்றில் போட வேண்டாம். கொஞ்சம் எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகச் சேரும். சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரைகளில் வழக்கமாக இருக்கும் வடிவமான டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது, காப்ஸ்யூல் உறை பல நேரம் ஜெலட்டின். பாசிப்படர்விலிருந்து எடுத்த டி3-யும், காளான், ஈஸ்டிலிருந்து வரும் டி2-வும் கிடைக்கின்றன. டி2 கொஞ்சம் பலம் குறைவு, ஆனாலும் வேலை செய்யும்.

## வாரம் ஒரு 60,000 சாஷே

இதை நான் எதிர்க்கவில்லை. உண்மையாகக் குறைந்திருப்பவரை, அதாவது 25-ஹைட்ராக்ஸி டி (ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி) அளவு 20 நானோகிராமுக்கு வெகுவாகக் கீழே போய், எலும்பு வலிக்கிறது, தரையிலிருந்து எழ முடியவில்லை என்று வருகிறவரைத் தூக்கிவிட இது நல்ல கருவி. எட்டு வாரத்தில் எட்டே சாஷே. விலையும் குறைவு. நாளுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8,500 யூனிட் வருகிறது. வரம்பைத் தாண்டிய அளவுதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு, டாக்டர் கண்காணிப்பில் என்பதால் சரி.

சிக்கல் எட்டாவது வாரத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. சீட்டில் முடிவு தேதி இருக்காது. கடையில் “போன தடவை வாங்கினதே குடுங்க” என்றால் கொடுத்துவிடுவார்கள். இப்படி ஒன்றரை வருடமாக வாரா வாரம் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். எட்டு வாரம் முடிந்ததும் பொதுவாக மாதம் ஒன்றாக மாற்றுவார்கள். அது நாளுக்கு 2,000 யூனிட் கணக்கில் வந்து நிற்கும். ஆக, மாதம் ஒரு சாஷே என்பதும் தினம் ஒரு 2,000 மாத்திரை என்பதும் கணக்கில் ஒன்றே. மறதி உள்ளவருக்கு எது எளிது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதியவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஜூரிக்கில் எழுபது வயது தாண்டிய 200 பேரிடம் நடந்த ஆய்வில், மாதம் 60,000 வாங்கியவர்கள் மாதம் 24,000 வாங்கியவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்காவின் எண்டோகிரைன் சங்கம் 2024-இல் தந்த வழிகாட்டுதலும் ஐம்பது தாண்டியவர்களுக்கு விட்டு விட்டுப் பெரிய அளவு கொடுப்பதைவிடத் தினசரிச் சிறிய அளவே மேல் என்கிறது. அத்தை வயதில் இருக்கிறவர்களுக்கு எட்டு வாரம் முடிந்ததும் மாத்திரைக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சாஷே வாங்கியதும் வீட்டுக் காலண்டரில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பேனாவால் வட்டமிடுங்கள். பெட்டியின் மேல் முடியும் தேதியை எழுதுங்கள். எங்கள் கடையில் இப்போது நானே எழுதித்தான் கொடுக்கிறேன், கூட்டம் எவ்வளவு இருந்தாலும்.

## ஊசி

ஒரே ஊசியில் 3 லட்சம் அல்லது 6 லட்சம் யூனிட். 6 லட்சம் என்றால் பத்து சாஷே, அல்லது 1,000 யூனிட் மாத்திரை அறுநூறு நாளைக்கு. “ஒரே வேலையா முடியும்” என்பது இதன் கவர்ச்சி. போட்ட பின் திரும்ப எடுக்க முடியாது என்பது இதன் விலை. மாத்திரையை நாளைக்கு நிறுத்திவிடலாம், தசைக்குள் எண்ணெயில் தேங்கியதை நிறுத்த முடியாது. அது மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் ஏறும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று இன்னொன்று போட்டுக்கொள்கிறவர்கள் மாட்டிக்கொள்வது அதனால்தான். சில ஊசிகளில் இருப்பது நிலக்கடலை எண்ணெய் என்பதால் கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரேயடியாகக் கொட்டுவதில் என்ன ஆபத்து என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 2010-இல் வெளிவந்த ஆய்வு சாட்சி. எழுபது வயது தாண்டிய 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்தார்கள். முறிவு குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். விழுவது 15 சதவீதமும் எலும்பு முறிவது 26 சதவீதமும் கூடின.

ஊசிக்கு உரிய இடம் ஒன்று உண்டு. குடல் அறுவை செய்தவர்கள், சீலியாக் போன்ற நோயால் கொழுப்பு சேராதவர்கள், வாய்வழி மருந்து ஏறவே இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இது தேவை. சாப்பிடச் சோம்பலாக இருக்கிறது என்பதற்காக இதைக் கேட்காதீர்கள்.

## பெயரில் ஏமாற்றும் கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால்

சில கால்சியம் காப்ஸ்யூல்களில் டி3-க்குப் பதிலாகக் கால்சிட்ரியால், அல்லது உடம்பில் கால்சிட்ரியாலாக மாறும் ஆல்ஃபாகால்சிடால் இருக்கும். 0.25 மைக்ரோகிராம் என்று சின்ன எண்ணாகத் தெரிவதால் பாதுகாப்பானது என்று தோன்றும். கால்சிட்ரியால் என்பது சிறுநீரகம் முடித்துக்கொடுக்கும் டி-யின் இறுதி வடிவம், நேரடியாகக் கால்சியத்தை ஏற்றும். நாற்பதால் பெருக்கும் கணக்கு இதற்குச் செல்லாது. வழக்கமான 25-ஹைட்ராக்ஸி டி பரிசோதனையிலும் இதன் அளவு தெரியாது. சிறுநீரக நோயாளிகளுக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கும் இது மருந்து. சத்துக் குறைவுக்காக இதைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. அட்டையின் பின்புறம் ‘கோலிகால்சிஃபெரால்’ (டி3-யின் இன்னொரு பெயர்) என்று இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு தவறு நடந்தால் | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| வெயில் | டி நஞ்சாகாது | நேரம், வெப்பம் | வெளியே நிற்க முடிந்த இளையோர் |
| சாப்பாடு | கவலையில்லை | அளவு போதாது | எல்லோருக்கும் துணையாக |
| தினசரி 1,000–2,000 | சிறிய பிழை, தாங்கும் | பல டப்பாக்களின் கூட்டு | பெரும்பாலோர், முதியவர்கள் |
| வாரம் 60,000 | பெரிய பிழை | முடிவு தேதி இல்லாமை | உறுதியான குறைபாடு, எட்டு வாரம் |
| ஊசி | திரும்பப் பெற முடியாது | கண்காணிப்பு, பரிசோதனை | குடலில் சேராதவர்கள் |

## பரிசோதனை வேண்டுமா?

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் டி-யையும் பார்த்து, 22 வந்ததற்குப் பயந்து ஓடிவருவதைத் தினமும் பார்க்கிறேன். எண்டோகிரைன் சங்கத்தின் அதே 2024 வழிகாட்டுதல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறது. அந்தப் பணத்தில் பல மாத மருந்தே வாங்கிவிடலாம். எலும்பு வலி, வலிப்பு மருந்து, சிறுநீரக நோய், குடல் நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று காரணம் இருப்பவர்கள் பார்க்கத்தான் வேண்டும். பெரிய அளவில் மருந்து எடுத்தவர்கள் கால்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

வெளிநாட்டு அறிக்கையோடு ஒப்பிடும்போது அலகைக் கவனியுங்கள். அங்கே பல நாடுகளில் நானோமோலில் வரும். அவர்களின் 50-உம் நம் 20-உம் ஒன்றுதான்.

## தாங்களாக முடிவு எடுக்கக்கூடாதவர்கள்

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், சார்காய்டோசிஸ், காசநோய், லிம்ஃபோமா உள்ளவர்கள், பாராதைராய்டு கூடுதலாக வேலை செய்கிறவர்கள், கர்ப்பிணிகள். இவர்களில் சிலருக்குச் சாதாரண அளவே கால்சியத்தை ஏற்றிவிடும். டாக்டர் சொல்லாமல் சாஷேயைத் தொட வேண்டாம்.

கைக்குழந்தைக்குத் தினமும் 400 யூனிட். சொட்டு மருந்து வாங்கும்போது ஒரு மில்லியில் 400-ஆ, 800-ஆ என்று பாருங்கள், இரண்டும் சந்தையில் உண்டு. அந்தந்த டப்பாவோடு வந்த ஃபில்லரை மட்டுமே பயன்படுத்துங்கள். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் மருந்து ஐந்து மில்லி குட்டி பாட்டிலிலும் வருகிறது. அதைக் குழந்தையின் சொட்டு மருந்து இருக்கும் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம் இவை சேர்ந்து வந்தால் மருந்தை அன்றே நிறுத்திவிட்டு ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். அத்தை வீட்டிலும் மூன்று வாரம் அப்படித்தான் நினைத்தார்கள்.

அத்தைக்குக் கால்சியம் பத்து நாளில் இறங்கியது. கொழுப்பில் தங்கிய டி கீழே வர எட்டு மாதம் ஆனது. அதுவரை பாலையும் தயிரையும் அளந்துதான் கொடுத்தோம், நடுப்பகலில் வாசலில் உட்காரவும் விடவில்லை. முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. அது தேய்மானத்தால் வந்தது என்று எக்ஸ்ரேயில் பிறகுதான் தெரிந்தது.